"எனக்கு இது வருமா?": 37 வயதில் துறை மாறுவது பற்றி

ஒருவர் அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. வயது 37. 13 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை. டேட்டா அனலிஸ்ட் ஆக வேண்டும் என்று ஒன்றரை ஆண்டாக மாலை நேரங்களில் டேட்டாவைக் கேட்டு எடுக்கிற எஸ்க்யூஎல், பைத்தான் என்ற இரண்டு கணினி மொழிகளும், சார்ட் போடும் பவர் பிஐ மென்பொருளும் படித்திருக்கிறார். இரண்டு சான்றிதழ் கையில் இருக்கிறது, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. 11 வேலைகளுக்கு விண்ணப்பம் தயார் செய்து வைத்து ஒன்றைக்கூட அனுப்பவில்லை. "22 வயதுப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா? இத்தனை வருட அனுபவம் வீணாகிவிடுமே? வீட்டில், இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்கிறார்கள். எனக்கு இது வருமா என்ற சந்தேகத்தை எப்படிப் போக்குவது?"

மூன்றாவது சான்றிதழிலிருந்து தொடங்குகிறேன். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், ஆனால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. முதல் சான்றிதழ் கற்றுக்கொள்வதற்கு. இரண்டாவது, முதலாவதில் புரியாமல் விட்டதைப் பிடிப்பதற்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு விண்ணப்பம்கூடப் போகாத நிலையில் மூன்றாவது எதற்கு? இதையும் முடித்துவிட்டால் தைரியம் வந்துவிடும் என்றுதானே? இரண்டாவது முடிந்தபோது வந்திருக்க வேண்டிய தைரியம் அது. வரவில்லை. மூன்றாவது முடிந்தாலும் வராது.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நானும் அதே காரியத்தைச் செய்தவன். ஓர் ஆலையில் 12 ஆண்டுகள் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தேன். 36 வயதில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கு, அதாவது மென்பொருளில் பிழை தேடும் வேலைக்கு, வந்தேன். மாறுவது என்று முடிவெடுத்ததற்கும் முதல் விண்ணப்பம் அனுப்பியதற்கும் நடுவே 14 மாதம் ஓடியது. அந்த 14 மாதமும் யார் கேட்டாலும் "பிரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்பேன். இப்போது சில ஆண்டுகளாக இன்டர்வியூ எடுக்கும் நாற்காலியில் உட்கார்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும் என்ற தைரியத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"எனக்கு இது வருமா" என்பது பார்க்க ஒரே கேள்வி. பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று நான்கு கேள்விகள் ஒண்டிக்கொண்டிருக்கும். "எஸ்க்யூஎல்லில் விண்டோ ஃபங்ஷன் என்ற பகுதி இன்னும் தடுமாறுகிறது" என்பது ஒன்று. இதைச் சந்தேகம் என்றே சொல்லக்கூடாது. இது வெறும் தகவல், பத்து நாள் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். "அந்தக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா" என்பது இன்னொன்று. இது கூச்சம். "கணக்கு என்றால் என்னிடம்தான் வருவார்கள், அந்தப் பெயர் போய்விடுமே" என்பது வேறு. இது இழப்பு, கிட்டத்தட்ட துக்கம் மாதிரி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டால் நடக்க முடியாதுதான்.

ஒரு தாள் எடுத்து "எனக்கு வராது, ஏனென்றால்" என்று தொடங்கிப் பத்து வரி எழுதுங்கள். மனதுக்குள் இல்லை, கையால். நான் எழுதியபோது பத்தில் ஆறு வரி ஆங்கிலத்தில் பேசுவதைப் பற்றி இருந்தது. டெஸ்டிங் வராது என்று 14 மாதம் நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, உண்மையில் பயம் மீட்டிங்கில் வாய் திறப்பது பற்றி! அதற்கு எந்த டெஸ்டிங் சான்றிதழும் மருந்தாகாது. உங்கள் தாளில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றாவது சான்றிதழ் தீர்த்துவைக்கிற வரி அதில் ஒன்றாவது இருக்குமா என்பதைத் தேடிப் பாருங்கள்.

இந்த மாதிரிக் கேள்விக்கு உடனே வரும் பதில், "இது இம்போஸ்டர் சிண்ட்ரோம், எல்லாருக்கும் இருக்கும், நம்பிக்கையோடு இரு" என்பது. எனக்கு இந்தப் பதில் பிடிக்காது. அந்தக் கருத்தை 1978-இல் எழுதியவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். 150-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். அந்தப் பெண்கள் எல்லாரும் படிப்பிலோ வேலையிலோ ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். சாதித்த பிறகும் "ஏமாற்றித்தான் இங்கே வந்திருக்கிறோம், என்றைக்காவது மாட்டிக்கொள்வோம்" என்று நினைத்தவர்கள். அதற்கு அவர்கள் சிண்ட்ரோம் என்றுகூடப் பெயர் வைக்கவில்லை. நோய்ப் பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டது பிற்பாடு.

நீங்கள் இன்னும் உள்ளேயே போகவில்லை. 13 ஆண்டு கணக்கு எழுதியவருக்கு டேட்டா வேலை முழுசாகத் தெரியாது என்பது ஓரளவு உண்மையும்கூட. உண்மையான ஒன்றை "அது உன் பிரமை" என்று யாராவது சொன்னால் மனசு ஏற்காது. அதனால்தான் நண்பர்கள் "உன்னால் முடியும்" என்று எத்தனை முறை சொன்னாலும், போனை வைத்த பத்தாவது நிமிடம் அது ஆவியாகிவிடுகிறது.

அப்படியானால் எது நிற்கும்? இதற்கு என் கண்ணில் பட்டதில் உருப்படியான பதில், ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977-இல் எழுதியது. அவரும் சகாக்களும் பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர், வேறொருவர் மலைப்பாம்பைக் கையாள்வதைப் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர், பக்கத்தில் ஆள் துணையோடு படிப்படியாகத் தாங்களே பாம்பைத் தொட்டுத் தூக்கினார்கள். மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் இல்லை. பார்த்தவர்களுக்கும் பயம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் "என்னால் முடியும்" என்ற எண்ணம் மிக அதிகமாக ஏறியது தொட்டவர்களுக்குத்தான். பாண்டுரா அந்த எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகள் சொன்னார். தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் சொல்லும் ஊக்கம், உடம்பும் மனசும் அப்போது இருக்கிற நிலை. இதில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம். வாய்வார்த்தை ஊக்கம் அதன் பக்கத்தில்கூட நிற்காது.

நம்மில் பலர் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். முதலில் நம்பிக்கை வரட்டும், பிறகு செய்கிறேன் என்கிறோம். செய்த பிறகுதான் அது வரும், அதுவும் செய்த அளவுக்குத்தான் வரும். வகுப்பில் கொடுக்கிற பயிற்சி இதில் சேராது. அங்கே டேட்டா சுத்தமாக இருக்கும், கேள்வி தெளிவாக இருக்கும், விடை பின் பக்கத்தில் இருக்கும். பாம்பு கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, உங்கள் சொந்த அலுவலகத்திலேயே ஒரு நிஜ வேலையை எடுங்கள். வாடிக்கையாளர் நிலுவையை 30, 60, 90 நாள் என்று பிரிக்கிற ஏஜிங் ரிப்போர்ட் மாதாமாதம் எக்செல்லில் போடுவீர்கள்தானே? அதையே எஸ்க்யூஎல்லில் எழுதுங்கள். உங்கள் எக்செல் மொத்தமும் புது மொத்தமும் டேலி ஆகிறதா பாருங்கள். முதல் தடவை ஆகாது, அது நிச்சயம். ஏன் ஆகவில்லை என்று துரத்திக்கொண்டு போகும் அந்த இரண்டு சாயங்காலங்கள்தான் நீங்கள் கேட்கிற தன்னம்பிக்கை. ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை ஏறியிருக்கும், கிரெடிட் நோட் தப்பான குறியோடு உட்கார்ந்திருக்கும், யாரோ தேதியை டெக்ஸ்டாக அடித்திருப்பார்கள். ஒரு எச்சரிக்கை: மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அலுவலகக் கணினியிலேயே செய்யுங்கள். கம்பெனி டேட்டாவைப் பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகி வேலையை இழந்தால் அது வேறு விதமான துறை மாற்றம் ஆகிவிடும். வெளியே காட்டுவதற்கு ஒன்று வேண்டுமானால், அதே அமைப்பில் நீங்களே உருவாக்கிய போலி எண்களை வைத்து இன்னொன்று செய்துகொள்ளலாம்.

அடுத்து, அனுபவம் வீணாகிவிடுமே என்பது. இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, போட்ட முதலை விட மனசு வராத பழக்கம். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான். முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் அதேதான். கொடுத்த காசு அவர்களைப் பிடித்து இழுத்தது. 13 ஆண்டுகள் என்பது நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட டிக்கெட். இங்கே இருந்தாலும் அது திரும்பி வராது, போனாலும் வராது. உங்களுக்கு முன்னால் இன்னும் 20 ஆண்டுக்கு மேல் வேலைக்காலம் இருக்கிறது. கணக்கு அதை வைத்துத்தான் போட வேண்டும், இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, அது வீணாகவே ஆகாது என்பது. இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. ஆலையில் பம்ப் ஹவுஸுக்குள் நுழைந்ததும் என் காது தானாகவே பேரிங் சத்தத்தைத் தேடும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே "இதில் எது முதலில் படுக்கும்" என்று யோசிக்கிற புத்தி 12 ஆண்டில் ஊறியது. டெஸ்டிங்குக்கு வந்தபோது, கோட் எழுதத் தெரிந்த இளைஞர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அதுதான். அவர்கள் ஒரு ஸ்கிரீன் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். நான் நெட்வொர்க் நடுவில் அறுந்தால், பட்டனை இரண்டு முறை அழுத்தினால், நள்ளிரவு தேதி மாறும்போது அழுத்தினால் என்று போவேன். யாரும் எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை. பேரிங்தான் கற்றுத்தந்தது.

உங்கள் விஷயத்தில் அது இன்னும் நேரடியானது. 22 வயதுப் பையன் ஆண்டு இறுதி மாதத்தில் விற்பனை எகிறியிருப்பதைப் பார்த்து அழகான சார்ட் போட்டுவிடுவான். நீங்கள் பார்த்ததும், "அடுத்த மாதம் எவ்வளவு ரிவர்சல் வந்தது, அதில் எவ்வளவு விற்பனை ரத்தானது?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் கிடைக்காது. நான் இன்டர்வியூ எடுக்கும்போது இதற்காகவே காத்திருப்பேன். டூல் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எண் பொய் சொல்லும்போது மூக்கில் வியர்க்கிறவர்கள் குறைவு.

ஆனால் உங்களுக்கே இது பெரிதாகத் தோன்றாது. "இரண்டு கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கிற ரீகன்சிலியேஷன் எல்லாருக்கும் தெரியுமே" என்பீர்கள். இதற்கும் ஒரு காரணம் உண்டு. டன்னிங், குரூகர் என்ற இரண்டு உளவியலாளர்களின் 1999 ஆய்வைப் பற்றிச் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்வார்கள், தெரியாதவனுக்குத் தனக்குத் தெரியாது என்பதே தெரியாது என்ற பாதியை. மறு பாதி இது: சோதனையில் முதல் வரிசையில் வந்தவர்கள், மற்றவர்களோடு ஒப்பிடும்போது தங்கள் இடத்தைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். தமக்குச் சுலபமாக வருவது எல்லாருக்கும் வரும் என்று நினைத்துவிட்டார்கள். 13 ஆண்டு பழகிய வேலை உங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டதால் அது ஒரு திறமை என்றே தெரியவில்லை.

22 வயதுக்காரர்களோடு போட்டி பற்றி ஒரு சின்ன விஷயம். பாண்டுராவின் இரண்டாவது ஊற்று, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது. இதில் "தன்னைப் போன்றவர்" என்பதுதான் முக்கியம். கல்லூரி முடித்த மூன்றாம் மாதம் பெரிய வேலை வாங்கிய பிள்ளைகளின் வீடியோவை இரவு 11 மணிக்குப் பார்த்தால் உங்களுக்கு நம்பிக்கை ஏறாது, இறங்கும். நீங்கள் பார்க்க வேண்டியது 35 வயதுக்கு மேல், ஏதாவது ஒரு நிதி வேலையிலிருந்து டேட்டாவுக்கு வந்த ஓர் ஆளை. ஒருவர் போதும். அவர் பெரிய வெற்றி பெற்றவராக இருக்கவே வேண்டாம். தட்டுத்தடுமாறி வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

எங்கே கண்டுபிடிப்பது? நெருங்கிய நண்பர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்தவர்களை உங்களுக்கும் தெரியும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் "அவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற எல்லாருக்கும் வழி காட்டியது எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்க்கிற ஆட்கள்தான். ஆகவே ஏழெட்டு வருடமாகப் பேசாத பழைய சகா, முன்பு ஆடிட்டுக்கு வந்து போனவர், இவர்களுக்கு எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று தயங்குவீர்கள் என்பதால் ஒரு மாதிரி: "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? நாம் ஒன்றாக ஈஆர்பி சாஃப்ட்வேர் மாற்றத்தில் வேலை பார்த்தோம், ஞாபகம் இருக்கும். நான் இப்போது டேட்டா அனாலிசிஸ் பக்கம் வர முயற்சி செய்கிறேன். வேலை கேட்டு எழுதவில்லை. கணக்கிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அவரோடு 20 நிமிடம் போனில் பேச ஏற்பாடு செய்ய முடியுமா?" இவ்வளவுதான். "வேலை கேட்டு எழுதவில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பதில் வருவது பெரும்பாலும் அந்த வரியால்தான்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது அந்தப் பத்து வரித் தாளில் வந்திருந்தால், அதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், கூச்சப்பட வைக்கிற படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். நம் நாலு பேருக்கும் அவரவர் டி-ஷர்ட் பற்றிய கவலையே போதுமானதாக இருக்கிறது.

வீட்டார் சொல்வது அப்படியில்லை. அதை ஊரார் பேச்சோடு சேர்க்கக்கூடாது. "இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே" என்று சொல்கிறவர்களுக்கு உங்கள் திறமையில் சந்தேகம் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அவர்கள் கேட்பது வேறு: "வருமானம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும்?" இதற்கு "என்னை நம்புங்கள்" என்று பதில் சொன்னால் சண்டைதான் வரும். எண்ணாகச் சொல்லுங்கள். இத்தனை மாதச் செலவு கையிருப்பில் இருக்கிறது, இந்தத் தேதிவரை முயற்சி செய்வேன், அதற்குள் அமையாவிட்டால் பழைய துறையிலேயே தொடர்வேன். கணக்குக்காரருக்கு இது ஒரு மணி நேர வேலை. என் வீட்டில் மாதக்கணக்கில் நடந்த வாக்குவாதம் ஒரு பக்க பட்ஜெட் போட்டுக் காட்டியதும் அடங்கியது. சம்மதம் வந்தது என்று சொல்ல மாட்டேன், அடங்கியது.

இன்னொரு பழமொழியும் உங்கள் வீட்டில் வரும்: ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். இதில் மட்டும் நான் பழமொழிக்கு எதிர்க்கட்சி. துறை மாறுகிறவருக்கு அப்படி நிற்பதுதான் பாதுகாப்பு. ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் என்ற இருவர் 2014-இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து எழுதினார்கள். வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டுத் தொழில் தொடங்கியவர்களைவிட, வேலையில் இருந்துகொண்டே தொடங்கிப் பிறகு முழு நேரம் போனவர்கள் தோற்கும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. அது சொந்தத் தொழில் தொடங்கியவர்கள் பற்றியது, வேலை மாறுகிறவர்கள் பற்றியது இல்லை, அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் காரணம் இங்கேயும் செல்லும். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்கிறோம். ஒத்துவராவிட்டால் சத்தமில்லாமல் காலை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் வேலையை விட்டுவிட்டுப் படிக்கவில்லை என்பதே பாதி நல்ல செய்தி.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. வேலை கிடைத்ததும் சந்தேகம் போய்விடாது, அப்போதுதான் அசல் ரூபத்தில் வரும். நான் சேர்ந்த முதல் நாள் காலை மீட்டிங்கில் பதினைந்து நிமிடம் எல்லாரும் பேசினார்கள். பில்ட் உடைந்தது, பிராஞ்சை மெர்ஜ் பண்ணு, ரிக்ரெஷன் ஓடவில்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சுதான், ஆனால் எனக்கு வினைச்சொற்கள் மட்டுமே புரிந்தன. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, புரியாத சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். சாயங்காலம் எண்ணினேன், 31. கழிப்பறையில் நின்று கண்ணாடியைப் பார்த்து "என்ன காரியம் செய்துவிட்டாய்" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை நான் விடவில்லை. தினமும் புதுப் பட்டியல், மேலே தேதி. அர்த்தம் தெரிந்ததும் அடித்துவிடுவேன். இரண்டாம் வாரம் ஒரு நாளைக்கு 12 சொல். ஐந்தாம் வாரம் மூன்று. அதில் ஒன்று பக்கத்து டேபிள்காரரின் பட்டப்பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் என்னைப் பாராட்டவில்லை, எனக்குத் திடீர் ஞானமும் வரவில்லை. ஆனால் "முன்னேறுகிறேனா" என்ற கேள்விக்கு மனசிடம் போய் நிற்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. மனசு அன்றன்றைக்கு ஒன்று சொல்லும். நோட்டு 31, 12, 3 என்று சொன்னது.

இரண்டாவது வாரம் இன்னொன்று நடந்தது. நான் பதிவு செய்த முதல் பக் ரிப்போர்ட், அதாவது பிழை அறிக்கை, திரும்பி வந்தது. குழுவை நடத்துகிற என் லீட் ஒரு பெண், வயது 25 இருக்கும். நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, "சார், இது எந்த ஸ்டெப்ல வருது? 'சில நேரம் நின்றுவிடுகிறது'ன்னு மட்டும் இருக்கே" என்றார். எனக்கு மேலே இருப்பவர் என்னை சார் என்று அழைத்துத் திருத்துகிறார். காது சூடானது. ஆலையில் லாக் புத்தகத்தில் "மெஷின் சரியில்லை" என்று மட்டும் எழுதிவைக்கிற ஆபரேட்டர்களை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்! "எப்போது நின்றது, என்ன லோடு, என்ன சத்தம், எதுவும் எழுதாமல் நான் எப்படிப் பார்ப்பது?" அதே தப்பை அப்படியே செய்து வைத்திருக்கிறேன். அந்த நொடியில் ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. இந்த வேலை எனக்குத் தெரிந்த வேலைதான், சொற்கள்தான் வேறு. அவரிடம், "மேடம், அரை மணி நேரத்தில் மாற்றி எழுதித் தருகிறேன்" என்றேன். "ஐயோ சார், மேடம் எல்லாம் வேண்டாம்" என்றார்.

எர்மீனியா இபாரா என்ற பேராசிரியர் 1999-இல், புதிய பொறுப்புக்கு வரும் இளம் ஆலோசகர்களையும் வங்கியாளர்களையும் ஆராய்ந்து ஒன்று சொன்னார். அவர்கள் உள்ளே புது மனிதராக மாறிவிட்டு வெளியே அப்படி நடந்துகொள்ளவில்லை. மேலே இருப்பவர்களைப் பார்த்து, தற்காலிகமாகச் சில சட்டைகளைப் போட்டுப் பார்க்கிற மாதிரி நடந்து பார்த்து, பொருந்துவதை வைத்துக்கொண்டார்கள். முதல் ஆறு மாதம் "நடிக்கிறேன்" என்று தோன்றினால் அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தையல் முடியாத சட்டை அப்படித்தான் இருக்கும். எல்லாரும் தேடி வந்து கேட்கிற ஆளாக இருந்தவர், எல்லாரிடமும் போய்க் கேட்கிற ஆளாக மாறுவதில் ஒரு வலி இருக்கிறது. அதற்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சந்தேகம் சொல்வதைக் கேட்டு நிற்க வேண்டிய நேரமும் உண்டு. மேலே சொன்ன ஏஜிங் ரிப்போர்ட் போன்ற நிஜ வேலையை மூன்று மாதம் செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் எப்போது முடியும் என்று கடிகாரத்தையே பார்த்தீர்கள் என்றால், அது திறமைப் பிரச்சினை இல்லை. உங்களுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, வேலையின் பெயர்தான் பிடித்திருக்கிறது. இக்கரைக்கு அக்கரை பச்சை. அதேபோல், இப்போதைய மேனேஜர் வேறொருவராக இருந்தால் கணக்கு வேலையில் சந்தோஷமாக இருந்திருப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் கம்பெனி மாறினால் போதும், துறை மாற வேண்டாம். தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால், முதலில் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அந்த நிலையில் எடுக்கிற எந்த முடிவும் நாளைக்கு வேறு மாதிரி தெரியும்.

இவை எதுவும் இல்லாமல், பிடித்தும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, தராசு நடுவிலேயே ஆடுகிறது என்றால் ஒரு விஷயம் சொல்கிறேன். பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். வேலையை விடலாமா என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. 20,000-க்கும் அதிகமானவர்கள் சுண்டினார்கள். பெரிய முடிவுகளில் "மாற்று" என்று விழுந்து மாறியவர்கள், ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்ததாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டும் அளவுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே பாதி மனசில் கிளம்பியவர்கள், அதனால் இதை எல்லாருக்கும் பொதுவிதி ஆக்க முடியாது. 11 விண்ணப்பம் எழுதி வைத்திருப்பவர் எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 11-இல் உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டை ஒதுக்கி வையுங்கள். மீதியில் மூன்றை இந்த வாரம் அனுப்புங்கள். ரெஸ்யூமேயின் முதல் வரியில் சான்றிதழ் பெயரைப் போடாமல், "மாத நிலுவை அறிக்கையை எஸ்க்யூஎல்லுக்கு மாற்றியபோது கண்டுபிடித்த பிழைகள்" என்று அந்த ஏஜிங் ரிப்போர்ட் கதையைப் போடுங்கள். பெரும்பாலும் அந்த மூன்றில் இரண்டிலிருந்து பதிலே வராது, அது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனாகச் சொல்கிறேன். ஒன்றில் அழைப்பு வந்தால், போய் உட்கார்ந்து, பதில் தெரியாத கேள்விகளை வெளியே வந்ததும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை மூன்றாவது சான்றிதழை அப்படியே நிறுத்தி வையுங்கள். அதில் இருக்கிற பாடத்தைப் பட்டியல் கேட்டால் அப்போது தொடரலாம்.